கடலே இல்லாத நாட்டின் கப்பல்

“ஒரு கப்பலு எந்த நாட்டுதுன்னு எப்டிடி கண்டுபுடிக்கிறது?”

அன்புச்செல்வி அக்கா இதை என்னிடம் கேட்டது, தி.நகரில் நாங்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் மொட்டைமாடியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. பிளஸ் டூ முடித்த ஒரு வருடத்தில் அது எனக்கு மூன்றாவது வேலை. எல்லாம் தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. “எங்க செஞ்சாங்களோ அந்த நாட்டுதுதான்க்கா” என்று சொல்லிவைத்தேன்.

“அப்ப நம்ம ரெண்டாவது மாடி சேல மொத்தமும் சூரத்துக்காரனுதா? மொதலாளி அண்ணாச்சி கேட்டா அழுதுடுவாரு” என்றார் அக்கா.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் டிபன் பாக்ஸை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவருடைய கணவர் ரகுபதி வேலை பார்த்த எண்ணெய்க் கப்பலை வளைகுடாவில் ஒரு நாட்டின் காவல்படை பிடித்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. கடையில் யாருக்கும் அது தெரியாது.

இதை அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கப்பலைப் பிடித்த நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று ரகுபதி அண்ணன் சொன்னார். அவருக்கு இன்னும் கடல் வேலைதான் வேண்டும். கப்பலின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அண்ணன் அதில் இருந்தபோது அதற்கு இரண்டு பெயர் இருந்தது. பழைய பெயரை மல்லிகை என்றும் புதிய பெயரைத் தாமரை என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு அக்கா பிறந்தது அடையாற்றங்கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில். ரகுபதி அண்ணன் அதே கரையில் நான்கு வீடு தள்ளி. அவர் பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சுவரில் எழுத்து எழுதச் சொன்னாலும் அச்சு மாதிரி எழுதுவார். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு மாதம் பயிற்சி எடுத்துக் கப்பலில் மேல்தள வேலைக்குச் சேர்ந்தார். கயிறு கட்டுவது, துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, காவல் நிற்பது. இந்தியக் கம்பெனி, இந்தியக் கொடி. எட்டு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. 2015 வெள்ளம் வந்தபோது அவர் கப்பலில் இருந்தார். அக்கா கைக்குழந்தை ஷீலாவைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் மேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றினார்கள். ஆறாவது மாடி. அங்கிருந்து தி.நகருக்கு இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். அக்கா ஒன்பது வருடமாக அப்படித்தான் வந்துபோகிறார். ஷீலாவுக்கு இப்போது பத்து வயது முடிந்துவிட்டது.

2019இல் அண்ணனின் கப்பல் ஹோர்முஸ் நீரிணை வழியாக வந்தது. பாரசீக வளைகுடாவில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு வெளியே வர அந்த ஒரு வழிதான். குறுகலான இடத்தில் அகலம் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளியில் இருந்துதான் வருகிறது. அதில் பெரும் பகுதி இந்த வழியாக வருவது. அந்த வருடம் அங்கே கப்பல்களைத் தாக்குவதும் பிடிப்பதுமாக இருந்ததால், நம் கொடி கட்டிய கப்பல்களுக்கு நம் கடற்படை துணைக்கு வந்தது. அண்ணனின் கப்பலில் துப்பாக்கியோடு கடற்படை வீரர்கள் சிலர் ஏறினார்கள். அதில் ஒருவர் வேலூர்க்காரர். ரசம் கிடைக்குமா என்று கேட்டாராம். அக்கா இந்தக் கதையைக் கடையில் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பிறகு அந்தக் கப்பல் உடைக்கப் போய்விட்டது. கம்பெனி அடுத்த கப்பல் வரும், இரு என்றது. அண்ணன் ஒரு வருடம் வீட்டில் இருந்தார். பாரிமுனைப் பக்கம் ஒரு ஏஜென்ட், பத்தே நாளில் கப்பல் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். எண்ணெய்க் கப்பல்தான், கம்பெனிதான் வேறு. அண்ணன் தயங்கினார். அக்காதான் போகச் சொன்னார். பின்னால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொன்ன அக்கா, இதை மட்டும் என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார். “இன்னா மாமா வூட்லயே குந்திகினு கீறன்னு நாந்தாண்டி கேட்டேன்.”

அவர் போய் ஏழு மாதம் ஆன பிறகு, ஒரு காலையில் வாட்ஸ்அப்பில் மூன்று வரி வந்தது. புடிச்சிட்டாங்க. நல்லா கீறேன். போன வாங்கிக்குறாங்க. அதோடு சரி.

அடுத்த வார விடுப்பில் அக்கா கப்பல் துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே நீரஜா என்ற அதிகாரி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு ஒரே ஒரு கோரிக்கை. “நேவிய அனுப்புங்க மேடம். அன்னிக்கு அனுப்னீங்களே.”

“அது நம்ம கொடி கட்டின கப்பல்மா. இது எந்த நாட்டுக் கப்பல்?”

“அவரு மெட்ராஸ்தான் மேடம். கோட்டூர்புரம்.”

“ஆள கேக்கலம்மா. கப்பல கேக்கறேன்.”

அக்காவுக்குத் தெரிந்தது மல்லிகை என்ற பெயர் மட்டும்தான். நீரஜா மேடம் விளக்கியிருக்கிறார். கடற்கொள்ளைக்காரன் பிடித்தால் வேறு விஷயம், எந்தக் கொடியாக இருந்தாலும் நம் கடற்படை உதவிக்குப் போனதுண்டு. ஆனால் ஒரு நாட்டு அரசாங்கமே பிடித்தால், கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடுதான் முதலில் கேட்க வேண்டும். நம் ஆள் உள்ளே இருக்கிறார் என்பதற்காகப் போர்க்கப்பலை அனுப்ப முடியாது. நமக்கு அந்த நாட்டோடும் உறவு வேண்டும். கப்பலின் பெயரையும் ரகுபதியின் விவரத்தையும் எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறோம் என்றார். அந்தக் கேள்வியோடுதான் அக்கா மறுநாள் கடைக்கு வந்தார்.

அக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்னதும் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் புரிந்ததை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். எண்ணெய் உள்ள ஒரு நாட்டின் மேல் ஒரு பெரிய நாட்டுக்குக் கோபம் வந்தால், அந்த எண்ணெயை யாரும் வாங்கக் கூடாது என்று தடை போடுகிறது. தடை விழுந்த எண்ணெய் மலிவாகிவிடுகிறது. மலிவான எண்ணெய்க்கு வாங்க ஆள் இல்லாமல் போவதில்லை. ஆனால் நல்ல கம்பெனிக் கப்பல்கள் அதைத் தொடாது. அதனால் உடைக்கப் போக வேண்டிய பழைய கப்பல்களை யாரோ வாங்கி, பெயரை மாற்றி, கொடியை மாற்றி, எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கருவியை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். தடை போட்ட நாடு ஒரு கடலில் அப்படி ஒரு கப்பலைப் பிடிக்கிறது. பதிலுக்கு எதிர்த்தரப்பு வேறொரு கடலில் இன்னொரு கப்பலைப் பிடித்து, எண்ணெய்க் கடத்தல் என்று வழக்குப் போடுகிறது. உன்னுடையதை விட்டால் என்னுடையதை விடுகிறேன் என்பதுதான் அதன் அர்த்தம். இரண்டு கப்பலிலும் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு நாட்டையும் சேராதவர்கள்.

எங்கள் முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு இதெல்லாம் நான் சொல்லாமலேயே தெரிந்திருந்தது. அவர் உடன்குடிப் பக்கம். வளைகுடாவில் ஏதாவது நடந்தால் டிவியில் வருவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் பாலியஸ்டர் நூலும் எண்ணெயில் இருந்துதான் வருகிறது. அங்கே சத்தம் கேட்டால் இங்கே சூரத்துச் சேலை விலை ஏறும். அக்காவின் விஷயம் காதுக்கு வந்ததும் அவரைக் கீழே கூப்பிட்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டே இருவரும் போனோம். அவர் வேறு விதமாகப் பேசினார்.

“நமக்கு எல்லாவன்கிட்டயும் எண்ணெய் வேணும்லா தாயி. அப்பம் ஒருத்தன்கிட்டயும் சத்தம் போட முடியாது. மெள்ளமாத்தான் கேப்பாவ. நீ விடாம போயி கேட்டுக்கிட்டே இரி. லீவு எத்தன வேணும்னாலும் எடு.”

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. மல்லிகை என்ற பெயரில் எந்தக் கப்பலும் அந்த நாட்டில் பிடிபடவில்லை. பிடிபட்ட கப்பல்களின் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். ஏஜென்டின் அறை பூட்டிக் கிடந்தது. போனை எடுக்கவில்லை. பிடிபட்டதாக அண்ணன் சொல்கிறார், அப்படிக் கப்பலே இல்லை என்கிறார்கள். அக்கா அந்த வாரம் முழுக்க வாடிக்கையாளர்களோடு மட்டும் பேசினார்.

அப்போது ஆடித் தள்ளுபடி வருவதற்கு முந்தைய வாரம். எங்கள் கடையில் அந்த நேரத்தில் ஒரு வேலை நடக்கும். போன வருடம் விற்காமல் நின்ற சிந்தெடிக் சேலைகளுக்குப் புதுப் பெயர் வைத்து, புது லேபிள் ஒட்டுவோம். போன வருடம் ‘மயூரி கிரேப்’ என்று இருந்தது இந்த வருடம் ‘ரெயின்போ சாஃப்டி’ ஆகிவிடும். எல்லாக் கடையிலும் இது உண்டு என்று நினைக்கிறேன். பெயர் மாறினாலும் ஓரத்தில் சின்னதாக இருக்கும் ஸ்டாக் எண்ணை மாற்ற மாட்டோம். மாற்றினால் எங்களுக்கே எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. பழைய ஆட்கள் சேலையின் பெயரைச் சொல்லிக் கேட்பதே இல்லை. நாலாயிரத்து நானூத்திப் பதினேழு எடு, அரக்கு கலர் எடு என்பார்கள்.

அன்று ஒரு அம்மா வந்து, போன வருடம் வாங்கிய மயூரி கிரேப் மாதிரியே இன்னொன்று வேண்டும் என்றார். நான் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. அக்கா வந்து, அந்த அம்மா கட்டியிருந்த சேலையின் முந்தானையைப் பார்த்து, எண்ணைச் சொல்லி, நான் காலையில் லேபிள் ஒட்டிய அடுக்கில் இருந்தே எடுத்துப் போட்டார். அந்த அம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். அக்கா அதே அடுக்கில் இருந்த இன்னொரு சேலையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“ஏண்டி, கப்பலுக்கும் ஸ்டாக் நம்பர் இருக்கும்ல?”

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் நான் பாத்ரூமுக்குப் போய் போனில் தேடினேன். இருந்தது. ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஏழு இலக்கத்தில் ஒரு எண் கொடுக்கிறார்கள். ஐஎம்ஓ எண் என்று பெயர். கப்பல் கட்டும்போது கொடுப்பது. உடைக்கும் வரை அதே எண்தான். பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் அது மாறாது. கப்பலின் வெளிப்பக்கத்திலும் அதை எழுதியிருப்பார்கள்.

ஆனால் மல்லிகையின் எண் எங்களிடம் இல்லை. அண்ணன் அக்காவின் போனுக்கு அனுப்பிய படங்களில் கடலும் அவர் முகமும்தான் இருந்தன. அக்கா ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடுத்த நாள் காலை என்னைப் பார்த்ததும் பையைக்கூட வைக்காமல் போனை நீட்டினார். அதில் வீட்டில் இருந்த ஒரு பேனரைப் படம் எடுத்து வைத்திருந்தார். ஷீலாவுக்குத் தாய்மாமன் காது குத்தியபோது, குடியிருப்பு வாசலில் பேனர் வைத்திருக்கிறார்கள். அப்பா கடலில் இருந்ததால், அவரும் விழாவில் இருப்பது போல, அவர் மச்சானின் போனுக்கு அனுப்பிய முழுப் படத்தையும் பேனர்க் கடையில் கொடுத்து ஓரத்தில் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். விழா முடிந்ததும் அந்த பேனர் ஆறாவது மாடிப் பால்கனியில் மழைச் சாரலுக்கு மறைப்பாகக் கட்டப்பட்டது. மாதக் கணக்கில் அதன் பக்கத்தில்தான் துணி காயப்போட்டிருக்கிறார். ஆரஞ்சு உடுப்பும் ஹெல்மெட்டுமாக அண்ணன் நிற்கிறார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் கறுப்பு எழுத்தில் ஐஎம்ஓ, பிறகு ஆறு இலக்கம். ஏழாவது இலக்கம் ஹெல்மெட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

“தல கொஞ்சம் சாச்சிருந்தா இன்னா” என்று போனைப் பார்த்துத் திட்டினார்.

மதியம் மொட்டைமாடியில், கப்பல்களைத் தேடும் ஒரு இணையதளத்தில், ஆறு இலக்கத்தோடு பூஜ்யம் சேர்த்துப் போட்டோம். எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, எதுவும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சக்கரம் சுற்றி நிற்கும் வரை அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு போட்டபோது ஒரு கப்பல் வந்தது. எண்ணெய்க் கப்பல், இருபத்து மூன்று வருடப் பழசு. இப்போதைய பெயர் தாமரை. முந்தைய பெயர்கள் என்று நான்கு இருந்தன. அதில் கடைசி மல்லிகை. கொடி என்ற இடத்தில் ஒரு ஆப்பிரிக்க நாட்டின் பெயர் இருந்தது. நான் அந்த நாட்டை வரைபடத்தில் தேடிக் காட்டினேன். நாலு பக்கமும் நிலம்.

“இதுக்குக் கடலே இல்லியேடி.”

“இல்லக்கா.”

“கடலே இல்லாத ஊருக்கு இன்னாத்துக்குடி கப்பலு?” என்றார் அக்கா. பிறகு, “நாளைக்குக் காத்தால நீரஜா மேடத்த பாக்கணும்” என்றார்.

எண்ணைக் கொடுத்ததும் அன்றே பதில் கிடைத்துவிட்டது. தாமரை பட்டியலில் இருந்தது. இருபத்திரண்டு பேர், அதில் ஒன்பது பேர் இந்தியர்கள். அந்த ஆப்பிரிக்க நாட்டிடம் கேட்டபோது, எங்களிடம் அப்படிக் கப்பல் பதிவே இல்லை, யாரோ எங்கள் பெயரைத் திருடிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அக்கா என்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதில், அந்தக் கப்பல் எந்த நாட்டுதும் இல்லை என்பதுதான். அதற்காகக் கேட்க உலகத்தில் ஒரு அரசாங்கமும் இல்லை. ஆனால் ஆட்களுக்காகக் கேட்கலாம் என்றார் நீரஜா மேடம். அங்கே இருக்கும் நம் தூதரகத்துக்கு எழுதினார்கள். மூன்று வாரத்தில் தூதரக அதிகாரி ஒருவர் போய் ஒன்பது பேரையும் பார்த்தார். அண்ணனோடு அக்கா நான்கு நிமிடம் பேசினார். சாப்டியா, ஷீலா ஸ்கூல் போதா என்றே அந்த நான்கு நிமிடமும் போய்விட்டது.

ஒன்றரை மாதம் கழித்து அந்த ஒன்பது பேரில் ஆறு பேரை விட்டார்கள். அந்த ஆறு பேரில் ரகுபதி இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஹம்மாத் என்ற ராயப்பேட்டைக்காரர் அந்தக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், விடுதலையான ஆறு பேரில் ஒருவர். அவர் அக்காவைத் தேடிக் கடைக்கு வந்தார். விற்பனை நேரத்தில் எங்களைப் பார்க்க வெளியாட்கள் யாரும் வரக்கூடாது என்பது கடையில் விதி. அதனால் அவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலை வாங்குகிறவர் மாதிரி வந்து எங்கள் கவுண்டரில் உட்கார்ந்தார். அக்கா சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். அவர் பார்ப்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார். நான் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தேன்.

பிடிபடுவதற்குச் சில நாள் முன்பு, நடுக்கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தில் இருக்கும் பெயரை மாற்றி எழுதச் சொல்லி கேப்டன் உத்தரவு போட்டிருக்கிறார். எழுத்து நன்றாக வருவது ரகுபதிக்குத்தான். கயிற்றில் பலகை கட்டித் தொங்கவிட்டு, மல்லிகையை அழித்து, தாமரை என்று எழுதி, கீழே அந்த நாட்டின் பெயரையும் எழுதியிருக்கிறார். பிடித்தவர்கள் எல்லோரையும் நிற்கவைத்து, இதை எழுதினது யார் என்று கேட்டிருக்கிறார்கள். கேப்டன் வாயைத் திறக்கவில்லை.

“அவரே கைய தூக்கிட்டாருக்கா. இஸ்கூல்ல தூக்குற மாதிரி” என்றார் ஹம்மாத்.

“தூக்குச்சா?”

“நான்தான் எழுதுனேன், நல்லாதானே எழுதியிருக்கேன்னாரு. அதான் போலி ரிஜிஸ்ட்ரேசன் கேசுல அவரையும் கேப்டனையும் தனியா வெச்சிட்டாங்கோ. சீஃப் ஆபிசரும் கூட கீறாரு.”

அக்கா கையில் இருந்த சேலையை விரித்தார். சூப்பர்வைசர் எங்களைக் கடந்து போனார். “இது கரை போட்டது, அம்மாவுக்கு எடுப்பா இருக்கும்” என்றார் அக்கா சத்தமாக. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “கேப்டன் சொல்லித்தானே எழுதுச்சு. அத யாராவது பாத்தீங்களா?”

“அல்லாருந்தான் பாத்தோம். டீ குட்த்தது நானு.”

“எழுதித் தருவியா?”

ஹம்மாத் சேலையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் மறுபடி கப்பலுக்குப் போக வேண்டும். கேப்டனுக்கு எதிராக எழுதிக் கொடுத்தவன் என்று பெயர் வந்தால் எந்த ஏஜென்டும் கூப்பிட மாட்டான். அவருடைய அம்மாதான், எடுத்து வைத்திருந்த சேலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, “தர்றான்மா. நீ நாளிக்கு எங்கூட்டுக்கு வா” என்றார். அந்தச் சேலையையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

ஹம்மாத் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா மற்ற ஐந்து பேரையும் தேடிப் போனார். எண்ணூரில் ஒருவர், கடலூரில் ஒருவர், தூத்துக்குடியில் இரண்டு பேர், விசாகப்பட்டினத்தில் ஒருவர். தமிழும் ஆங்கிலமுமாக இருந்த அந்தக் கடிதத்தை விசாகப்பட்டினத்துக்காரரின் மனைவி தெலுங்கில் எழுதி வாங்கிப் படித்த பிறகுதான் கணவரைக் கையெழுத்துப் போடவிட்டார். தூத்துக்குடியில் ஒருவர் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அக்கா அவரைத் திட்டவில்லை. “அவுரு பொண்டாட்டிய பாத்தேன், முழுவாம கீது, இன்னா பண்ணுவாரு” என்று மட்டும் சொன்னார். ஐந்து கையெழுத்தோடு கடிதம் தூதரகத்துக்குப் போனது. அங்கே வழக்கறிஞர் ஒருவர் அதை மொழிபெயர்த்து நீதிமன்றத்தில் கொடுத்ததாக நீரஜா மேடம் சொன்னார்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. தீபாவளி வந்து போனது. அக்கா வேலைக்கு வந்தார், விற்றார், போனார்.

கார்த்திகையில், எந்தக் கப்பலுக்குப் பதிலாகத் தாமரையைப் பிடித்திருந்தார்களோ, வேறொரு கடலில் ஏழு மாதமாகப் பிடிபட்டிருந்த அந்த இன்னொரு கப்பலை விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதே வாரத்தில் நம் நாட்டு அதிகாரிகள் குழு ஒன்று, அண்ணன் இருந்த நாட்டுக்குப் போய், எண்ணெய் வாங்குவது பற்றிப் பேசிவிட்டு வந்தது. கைகுலுக்கும் படம் பத்திரிகையில் இருந்தது. நான் அந்தச் செய்தியைக் கடைசி வரி வரை படித்தேன். கப்பல் ஊழியர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒன்பது நாள் கழித்து ரகுபதி அண்ணனையும் சீஃப் ஆபிசரையும் விட்டார்கள். கேப்டன் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கடிதம்தான் அவரை விடுவித்தது என்று அக்கா நம்புகிறார். அண்ணாச்சி எண்ணெய்தான் விடுவித்தது என்கிறார். எனக்கு யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. கப்பலை எண்ணெய் விடுவித்திருக்கலாம். ஆனால் அதே எண்ணெய் கேப்டனை விடுவிக்கவில்லையே என்று அக்கா கேட்கிறார்.

அண்ணன் ஒரு மத்தியானம் வந்து இறங்கினார். மீனம்பாக்கத்துக்கு அக்காவும் ஷீலாவும் நானும் போயிருந்தோம். பன்னிரண்டு கிலோ இளைத்திருந்தார். ஷீலாவைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, இருவரும் சிரித்துவிட்டார்கள். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அவருடைய வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா பாக்குற?” என்றார் அண்ணன்.

“இனிமே எவனாவது யாரு எழுதுனதுன்னு கேட்டா, இந்தக் கைய பாக்கெட்ல வெச்சிக்க மாமா.”

“பொய்யா சொல்லச் சொல்ற?”

“எவன் எழுதச் சொன்னான்னு முன்னாடி சொல்லு. அப்றம் நீ எழுதுனேன்னு சொல்லு.”

இப்போது அவர் வேறு வேலைக்குக் காத்திருக்கிறார். அதுவரை அண்ணாச்சியின் சரக்கு வண்டியில் போகிறார். ஒரு மாதத்துக்கு முன்னால் பாரிமுனையில் இருந்து வேறொரு ஏஜென்ட் கூப்பிட்டிருக்கிறார். பத்து நாளில் கப்பல் என்றாராம். அண்ணன் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா கப்பலின் பெயரைக் கேட்கவில்லை. ஏழு இலக்க எண்ணையும், எங்கே பதிவு என்பதையும், ஏஜென்டின் அரசு உரிம எண்ணையும் கேட்டார். அந்த ஆள் திரும்பக் கூப்பிடவில்லை. ஆனால் அதே வாரம், அதே குடியிருப்பில் நாலாவது மாடியில் இருக்கும் ஒரு பையன் அந்த ஏஜென்ட் மூலமாகவே கப்பல் ஏறிப் போய்விட்டான். அவன் போன பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அவன் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். கப்பல் பெயர் மட்டும்தான் தெரியும், அழகான பெயர் என்று சொன்னாராம்.

அதற்காகத்தான் இதை எழுதினேன். எண்ணெய்க்காக நாடுகள் சண்டை போடுவதையோ சமாதானம் ஆவதையோ பெரும்பாக்கத்தில் இருந்து யாரும் நிறுத்த முடியாது. ஆனால் கப்பலுக்குப் போகிறவர் வீட்டில், அந்த எண் ஒரு தாளில் எழுதி வைக்கப்பட்டிருக்க முடியும். இதைப் படித்தவர்கள், கப்பல் வேலைக்கு ஆள் போகும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அங்கே கொடுங்கள். போகிறவர் அவசரத்தில் இருப்பார், படிக்க மாட்டார். வீட்டில் இருக்கப்போகிற அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுங்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.